பழைய நோட்டும் விலைப் புத்தகமும்

உலகத்துப் பண்டங்களில் எல்லாம் விசித்திரமானது காகித நோட்டு. ஒரு படி அரிசிக்கு விலை உண்டு. ஒரு முழம் பூவுக்கு விலை உண்டு. ஆனால் நூறு ரூபாய் நோட்டுக்கு விலை என்ன என்று யாராவது கேட்டால், கேட்டவருடைய மூளையைப் பற்றித்தான் நமக்குச் சந்தேகம் உண்டாகும். ஆயினும் அதே நோட்டு, கடைவீதியில் நடமாடுவதை விட்டுவிட்டு, தாத்தாவின் தகரப் பெட்டியிலோ பாட்டியின் ராமாயணப் புத்தகத்தின் நடுவிலோ ஐம்பது அறுபது வருஷம் உறங்கி எழுந்தால், அதன்மேல் அச்சிட்ட தொகைக்கும் அதன் விலைக்கும் உள்ள உறவு அறுந்து போகிறது. சில நோட்டுக்கள் அச்சிட்ட தொகைக்கு ஆயிரம் மடங்கு பெறும். பல நோட்டுக்கள் அந்தத் தொகைக்கு மேல் ஏதோ சிறிது பெறும். இன்னும் சில, காகித விலைகூடப் பெறா. எது எந்த வகை என்று தெரிந்துகொள்வது எப்படி?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கென்றே விலைப் புத்தகங்கள் இருக்கின்றன. உலகம் முழுவதற்கும் பொதுவானது, ஆல்பர்ட் பிக் என்ற ஜெர்மானியர் தொகுத்து, 1975-ம் வருஷத்தில் அமெரிக்காவில் முதன்முதலாக வெளிவந்த பெருநூல். அந்நூலில் நோட்டுக்களுக்கு இட்ட எண்களை உலகெங்கும் சேகரிப்போர் 'பிக் எண்' என்றே வழங்குகிறார்கள். நம் தேசத்து நோட்டுக்களைப் பற்றி மட்டுமே ரெஸ்வான் ரசாக், கிஷோர் ஜுன்ஜுன்வாலா என்ற இருவர் சேர்ந்து எழுதிய கையேடு 2012-ல் வெளிவந்தது. பாரதக் காகித நாணயத்தின் வம்சாவளியை அதில் படங்களுடன் காணலாம்.

புத்தகம் கையில் கிடைத்ததும் பெரும்பாலோர் நேரே விலைப் பத்திக்குப் போய்விடுகிறார்கள். தம்மிடம் உள்ளதைப்போல் ஒரு படம் கண்ணில் பட்டதும், அதற்கு எதிரே உள்ள தொகைகளில் மிகப் பெரியதை மனப்பாடம் செய்துகொண்டு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அன்று இரவு வீட்டில் யாருக்கும் தூக்கம் வருவதில்லை. உண்மையில் விலைப் புத்தகம் என்பது, விலை சொல்வதற்கு முன்னால் இனம் சொல்லும் புத்தகம். திதியும் நட்சத்திரமும் பார்த்த பிறகுதான் முகூர்த்தம் வைக்கிறோம். முகூர்த்தத்தை முதலில் வைத்துக்கொண்டு நட்சத்திரத்தைத் தேடுவதில்லை. அதுபோலவே, நோட்டு இன்னது என்று நிச்சயமான பிறகுதான் விலைப் பத்தி நமக்கு ஏதாவது சொல்லும். அதற்கு முன் அது வெறும் ஆசைப் பத்தி.

இனம் காண்பதற்கு நோட்டினிடம் சில கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டும். உன்னை வெளியிட்டது யார்? உன் முகத்தில் உள்ள சித்திரம் எது? கையொப்பம் யாருடையது? உன் எண்ணுக்கு முன்னால் நிற்கும் எழுத்து என்ன? உன்மேல் வேறு ஏதாவது பொறிக்கப்பட்டிருக்கிறதா? உன் உடம்பு எப்படி இருக்கிறது? இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வாக்குக் கொடுத்தவர் யார்?

நோட்டு என்பது ஒரு வாக்குறுதி. ஆகையால் வாக்குக் கொடுத்தவர் யார் என்பதே முதற்கேள்வி. நம் தேசத்தில் ஆதியில் வாக்குக் கொடுத்தவை தனிப்பட்ட பாங்கிகள். 1770-ல் கல்கத்தாவில் தோன்றிய ஹிந்துஸ்தான் பாங்கி அவற்றுள் மிகப் பழையவற்றில் ஒன்று. பின்னர் வங்காளம், பம்பாய், சென்னை ஆகிய மூன்று ராஜதானிப் பாங்கிகளும் நோட்டு வெளியிட்டன. 1861-ம் வருஷத்துக் காகித நாணயச் சட்டம் அந்த உரிமையைப் பாங்கிகளிடமிருந்து எடுத்துச் சர்க்காருக்கே உரியதாக்கிற்று. விக்டோரியா மகாராணியின் உருவம் தாங்கிய முதல் சர்க்கார் நோட்டுக்கள் ஒரு பக்கத்தில் மட்டுமே அச்சானவை. கள்ள நோட்டுத் தொல்லை மிகுந்தபடியால் அவை விலக்கப்பட்டு, 1867 முதல் வேறு வகை நோட்டுக்கள் வந்தன.

அக்காலத்து நோட்டுக்களில் பல, நடுவில் இரண்டாக வெட்டப்பட்டு மீண்டும் ஒட்டப்பட்டிருக்கும். இதைக் கண்டு யாரோ பாழாக்கிவிட்டார்கள் என்று வருந்தத் தேவையில்லை. தபாலில் பணம் அனுப்புவோர் நோட்டை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை முதலில் அனுப்புவார்கள்; அது போய்ச் சேர்ந்தது என்று பதில் வந்த பிறகே மறு பாதியை அனுப்புவார்கள். வழிப்பறி செய்பவன் கையில் அரை நோட்டு அகப்பட்டால் அவனுக்குப் பிரயோஜனம் இல்லையல்லவா? ஒட்டிய நோட்டில் நாம் கவனிக்க வேண்டியது, இரு பாதிகளிலும் ஒரே எண் இருக்கிறதா என்பதே. எண் வேறுபட்டால் அது இரண்டு அநாதைகளைச் சேர்த்து வைத்த குடும்பம்.

இன்னொன்றும் உண்டு. அந்நாளில் தேசம் பல நோட்டு வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு வட்டத்து நோட்டுக்கு அந்த வட்டத்தில்தான் உரிமையோடு பணம் கேட்கலாம். 1903-க்கும் 1911-க்கும் இடையில்தான் ஐந்து, பத்து, ஐம்பது, நூறு ரூபாய் நோட்டுக்கள் தேசமெங்கும் செல்லுபடியாகும்படி செய்யப்பட்டன. ஆகவே பழைய நோட்டில் ஊர்ப் பெயர் என்பது வெறும் முகவரி அன்று. ஒரே வருஷத்து ஒரே தொகை நோட்டில், ஒரு வட்டத்துக்கு ஒரு விலையும் மற்றொரு வட்டத்துக்கு வேறு விலையும் இருப்பதைப் புத்தகத்தில் காணலாம்.

ரிஸர்வ் பாங்கி 1935 ஏப்ரல் 1-ந் தேதி தொடங்கப்பட்டது. அதன் முதல் நோட்டு 1938 ஜனவரியில் வெளிவந்த ஐந்து ரூபாய். அன்றுமுதல் நோட்டுக்களில் பாங்கியின் பெயரும் கவர்னரின் கையொப்பமும் இருக்கும். ஒரு ரூபாய் நோட்டு மட்டும் இதற்கு விலக்கு. அது இந்திய சர்க்காருடையது. நிதி இலாகாக் காரியதரிசி அதில் கையொப்பமிடுவார். ஒரு ரூபாய் நோட்டில் ரிஸர்வ் பாங்கியின் பெயரைத் தேடிக் காணாமல், இது கள்ள நோட்டோ என்று கலங்குகிறவர்கள் உண்டு. அவர்கள் நிம்மதியாக இருக்கலாம்.

முகங்கள் மாறிய கதை

அடுத்தது சித்திரம். இதைப் பார்த்தாலே சுமார் காலம் தெரிந்துவிடும். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முகம் முதலில் 1917-ம் வருஷத்து ஒரு ரூபாய் நோட்டில் வந்தது. முதல் உலக யுத்தத்தில் வெள்ளிக்கு ஏற்பட்ட பஞ்சமே அந்த நோட்டுக்குக் காரணம். அதைத் தொடர்ந்து இரண்டு ரூபாய் எட்டு அணா என்ற அபூர்வத் தொகையிலும் ஒரு நோட்டு வந்தது. 1926 ஜனவரி 1-ந் தேதியோடு இவ்விரண்டையும் வெளியிடுவது நின்றது. பிக் நூலின் இந்தியப் பகுதியில் ஒன்று, இரண்டு என்ற எண்களைப் பெற்றவை இவையே. இரண்டரை ரூபாய் நோட்டு ஒன்று யாருடைய பெட்டியிலாவது இருந்தால், அவர் இந்தக் கட்டுரையை முடிப்பதற்கு முன்னாலேயே அதைப் பத்திரப்படுத்தலாம். இந்திய நோட்டுக்களில் சேகரிப்போர் மிகவும் நாடுகிறவற்றுள் அது ஒன்று.

1938 முதல் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முகம். அவர் முகத்திலும் இரண்டு விதம் உண்டு. ஆரம்ப நோட்டுக்களில் அவர் பக்கவாட்டில் பார்க்கிறார். இரண்டாவது யுத்தக் காலத்தில் ஜப்பானியர் பத்து ரூபாய் நோட்டைத் திறமையாகக் கள்ளத்தனம் செய்தபடியால், அவரை நேர்முகமாகத் திருப்பி வைத்தார்கள். நோட்டுக்குள் பாதுகாப்பு இழை ஓடத் தொடங்கியதும் அப்போதுதான். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நீர்க்குறியையும் இழையையும் பார்த்தால் எது எந்தக் காலத்தது என்று சொல்லிவிடலாம்.

1947-ல் சுதந்திரம் வந்தது. ஆனால் நோட்டிலிருந்து மன்னர் உடனே போய்விடவில்லை. புது நோட்டுக்குச் சித்திரம் தேர்ந்தெடுத்தபோது, மன்னர் இருந்த இடத்தில் மகாத்மாவின் உருவத்தை வைக்க வேண்டும் என்ற எண்ணமே முதலில் இருந்தது. அதற்கு மாதிரிகளும் தயாராயின. முடிவில் சாரநாத்தின் அசோக ஸ்தம்பத்துச் சிங்கங்களே தேர்ந்தெடுக்கப்பட்டன. அந்தச் சித்திரத்தோடு 1949-ம் வருஷத்து ஒரு ரூபாய் நோட்டு வந்தது. அதில் உள்ள கையொப்பம் கே. ஆர். கே. மேனனுடையது. சுதந்திர பாரதத்தின் முதல் நோட்டு அதுவே. குடியரசின் இரண்டு, ஐந்து, பத்து, நூறு ரூபாய் நோட்டுக்கள் 1950-ல் வந்தன. மகாத்மாவோ 1969-ல் தம் நூற்றாண்டு விழாவின்போதுதான், சேவாக்கிராம ஆசிரமத்தின் முன் அமர்ந்த கோலத்தில், முதன்முதலாக நோட்டில் காட்சி தந்தார். 1987-ல் ஐந்நூறு ரூபாய் நோட்டில் மீண்டும் வந்தார். 1996-ல் தொடங்கிய வரிசையில் எல்லாத் தொகைகளிலும் நிலைத்தார். ராணியும் மன்னர்களும் போய்ச் சிங்கங்களும் மகாத்மாவும் வந்த இந்தக் கதையை, பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகத்தைத் திறக்காமலே நோட்டுக்களை வரிசையாக அடுக்கிப் பிள்ளைகளுக்குக் காட்டிவிடலாம்.

நாற்பத்திரண்டு நாள் கவர்னர்

சித்திரம் ஒன்றாக இருந்தாலும் கையொப்பம் வேறாக இருக்கலாம். புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் மிகச் சுலபமாக விட்டுவிடுவது இதைத்தான்.

ரிஸர்வ் பாங்கியின் முதல் கவர்னர் ஸர் ஆஸ்போர்ன் ஸ்மித். அவருடைய கையொப்பம் எந்த நோட்டிலும் இல்லை. ஏனெனில் பாங்கியின் முதல் நோட்டு வருமுன்பே 1937-ல் அவர் பதவி விலகிவிட்டார். அடுத்தவரான ஸர் ஜேம்ஸ் டெய்லரின் கையொப்பமே முதல் நோட்டுக்களில் காண்பது. 1943-ல் ஸி. டி. தேஷ்முக் கவர்னரானார். அந்தப் பதவியை வகித்த முதல் இந்தியர் அவர். மன்னரின் முகத்துக்குக் கீழே ஓர் இந்தியர் வாக்குக் கொடுத்துக் கையொப்பமிட்ட அந்த நோட்டுக்களில், வரப்போகும் விடுதலையின் நிழல் முன்கூட்டியே விழுந்திருப்பதாகத் தோன்றுகிறது.

மேலே சொன்ன காந்தி நூற்றாண்டு நோட்டையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இதில் பெரும்பாலானவற்றில் எல். கே. ஜாவின் கையொப்பம் இருக்கும். அவருக்குப் பின் பி. என். அதார்க்கர் 1970 மே 4 முதல் ஜூன் 15 வரையில், நாற்பத்திரண்டே நாள், கவர்னராக இருந்தார். அந்தக் குறுகிய காலத்திலும் அவருடைய கையொப்பம் இரண்டு, ஐந்து, பத்து, நூறு ரூபாய் நூற்றாண்டு நோட்டுக்களில் ஏறிவிட்டது. படம் ஒன்று, நிறம் ஒன்று, தொகை ஒன்று. கையொப்பத்தில் மட்டும் வேற்றுமை. ஆயினும் அதார்க்கர் நோட்டு கிடைப்பது அரிது. ஆகவே விலையும் கூடுதல். விலைப் புத்தகத்தில் ஒரே எண்ணின் கீழே சிற்றெழுத்துக்களால் பிரித்துக் காட்டியிருப்பது இத்தகைய வேற்றுமைகளைத்தான். எண்ணை மட்டும் பார்த்துச் சிற்றெழுத்தைப் பாராமல் விடுவது, வீதியின் பெயரைத் தெரிந்துகொண்டு வீட்டு இலக்கத்தை மறந்துவிடுவது போலாகும்.

முன்னெழுத்தும் மேற்பொறிப்பும்

வரிசை எண்ணுக்கு முன்னால் நிற்கும் எழுத்து அடுத்தபடியாகக் கவனிக்க வேண்டியது. 1917-ம் வருஷத்து யுத்தக்கால நோட்டில் அந்த எழுத்து வட்டத்தைக் குறிக்கும்: 'எம்' என்றால் சென்னை, 'பி' என்றால் பம்பாய், 'ஸி' என்றால் கல்கத்தா, 'எல்' என்றால் லாகூர், 'ஆர்' என்றால் ரங்கூன்.

1959-ல் ஹஜ் யாத்திரை செல்வோருக்காக ரிஸர்வ் பாங்கி தனியாகப் பத்து ரூபாய், நூறு ரூபாய் நோட்டுக்களை வெளியிட்டது. அவற்றின் முன்னெழுத்து 'எச்.ஏ.' அதே வருஷத்தில் பாரசீக வளைகுடா நாடுகளுக்காக 'இஸட்' என்ற முன்னெழுத்தோடு, நிறத்தை மாற்றி, வேறொரு வகை நோட்டு வந்தது. அந்நாடுகளில் அப்போது நம்முடைய ரூபாயே நடமாடிக்கொண்டிருந்தது. ரூபாயைக் கொடுத்து அங்கிருந்து தங்கம் கள்ளத்தனமாக வருவதைத் தடுப்பதற்கே இந்த ஏற்பாடு. 1961-ல் குவெயித்தும், பிறகு மற்றவையும் தத்தம் நாணயத்துக்கு மாறிக்கொண்டன. வளைகுடாவில் உத்தியோகம் பார்த்த பெரியவர்கள் இருந்த வீடுகளில் இந்த நோட்டை இன்றும் எதிர்பார்க்கலாம். நிறம் மாறியிருப்பதைக் கண்டு, 'சாயம் போன நோட்டு' என்று ஒதுக்கிவிடக் கூடாது.

அண்மைக் காலத்து நோட்டிலும் பார்க்க வேண்டியது உண்டு. அச்சில் கெட்டுப்போன நோட்டுக்குப் பதிலாக வைக்கும் நோட்டில், முன்னெழுத்துக்கும் எண்ணுக்கும் இடையே நட்சத்திரக் குறி போடும் வழக்கம் நம் நாட்டில் 2006-ல் தொடங்கியது. எண்ணுக்குப் பின்னணியில் மங்கலாக உள்ள ஓர் எழுத்தும், பின்புறத்தில் அச்சிட்ட வருஷமும்கூட வகைகளைப் பிரித்துக் காட்டும்.

சில நோட்டுக்களின்மேல் வேறொரு சர்க்காரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். 1937-ல் பர்மா நம்மிடமிருந்து பிரிந்தபோது, 'பர்மாவில் மட்டுமே செல்லும்' என்று இந்திய நோட்டின்மேல் அச்சிட்டார்கள். 1948-ல் பாகிஸ்தான் சர்க்காரின் பெயரை இங்கிலீஷிலும் உருதுவிலும் இந்திய நோட்டிலே பொறித்து அங்கே வழங்கினார்கள். இவை சரித்திரத்தின் தழும்புகள். இவற்றுக்கு விலை அதிகம். ஆதலால் மோசடியும் அதிகம். சாதாரண நோட்டின்மேல் நேற்று அச்சிட்ட பொறிப்பைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் பிடிக்க வேண்டும். மை மற்ற எழுத்துக்களின் மேலே ஏறியிருக்கிறதா, மடிப்புக்களின் பள்ளத்தில் கசிந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. நோட்டு மடிந்து பழசான பிறகு ஏறிய மை, அந்த மடிப்பில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

நோட்டின் உடல்நிலை

இவ்வளவும் பார்த்து, நோட்டின் எண்ணையும் சிற்றெழுத்தையும் கண்டுபிடித்தாகிவிட்டது. இப்போது விலைப் பத்திக்கு வரலாமா? இன்னும் ஒரு படி பாக்கி இருக்கிறது. புத்தகத்தில் ஒரு நோட்டுக்கு ஒரே விலை இராது. மூன்று நான்கு பத்திகளில் மூன்று நான்கு விலைகள் இருக்கும். நோட்டின் நிலைமைதான் பத்தியைத் தீர்மானிக்கிறது.

அச்சுக்கூடத்திலிருந்து வந்தபடியே, மடிப்பே இன்றி, மூலைகள் கூர்மையாக இருப்பது முதல் தரம். லேசான ஒரு மடிப்போ, எண்ணும்போது விழுந்த தடமோ இருந்தால் அடுத்த தரம். இரண்டு மூன்று மெல்லிய மடிப்புக்கள், அல்லது ஓர் அழுத்தமான மடிப்பு, ஆனால் காகிதம் இன்னும் மொரமொரப்பாக இருந்தால் மூன்றாவது. பல மடிப்புக்களும் கொஞ்சம் அழுக்கும் இருந்து விறைப்புக் குறையாமல் இருந்தால் நான்காவது. நன்றாகப் புழங்கி, மடிப்புக்கள் மலிந்து, விறைப்புப் போயும் கிழியாமல் இருந்தால் ஐந்தாவது. அதற்கும் கீழே துணியாய்த் துவண்டவை, ஓரம் கிழிந்தவை, ஓட்டை விழுந்தவை, மையால் கணக்கு எழுதியவை என்று இறங்கிக்கொண்டே போகும்.

நம் தேசத்து நோட்டுக்களுக்கு ஒரு தனி விசேஷம் உண்டு. பாங்கிகளில் கட்டுக்களைக் கம்பி போட்டுத் தைக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 2001-ல் ரிஸர்வ் பாங்கி அதை நிறுத்தச் சொன்னது. ஆகையால் புத்தம் புதிய பழைய நோட்டிலும் ஓரத்தில் சிறு துளைகள் இருக்கும். அதைப் பெருங்குறையாகச் சேகரிப்போர் எண்ணுவதில்லை.

முதல் தரத்துக்கும் ஐந்தாம் தரத்துக்கும் விலையில் உள்ள தூரம் சிறியதன்று. பல நோட்டுக்களில் அது பல மடங்கு. ஆதலால் நிலைமையைக் கணிக்கும்போது நம் நோட்டை நாம் பெற்ற பிள்ளையைப்போல் பார்க்கக் கூடாது. சம்பந்தம் பேச வந்த பிள்ளை வீட்டாரைப்போல் குறை தேடிப் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் ஒரு தரம் தாழ்த்தி வைத்துக்கொள்வது உத்தமம்.

அழுக்கு நோட்டைச் சவுக்காரம் போட்டுக் கழுவியும், இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தும் உயர்ந்த தரமாக்க முயல்கிறவர்கள் உண்டு. பழகிய கை அதை ஒரு நொடியில் கண்டுகொள்ளும். கழுவிய காகிதத்தில் மினுமினுப்பு இராது. தேய்த்த நோட்டில் அச்சின் மேடு பள்ளம் விரலுக்குத் தட்டுப்படாது. ஆகவே அந்த முயற்சியால் உள்ள விலையும் போய்விடுகிறது.

புத்தகம் சொல்லும் விலை

கடைசியாக விலை. புத்தகத்தில் போட்டிருப்பது வியாபாரி விற்கும் விலையின் மதிப்பீடு. அவர் நம்மிடம் வாங்கும் விலை அன்று. கடை வாடகை, நோட்டு விற்கும் வரை முடங்கும் முதல், லாபம் எல்லாம் அதில் அடங்கியிருக்கின்றன. நாம் விற்கப் போனால் அதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். இதில் அநியாயம் ஒன்றும் இல்லை. பழைய நகையையும் புது நகை விலைக்கு யாரும் வாங்குவதில்லை. மேலும், அச்சான அன்றைக்கே புத்தகத்தின் விலை பழசாகிவிடுகிறது. அண்மையில் நடந்த ஏலங்களில் அதே வகை, அதே தரம் என்ன விலைக்குப் போயிற்று என்று ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

பழமை வேறு, அருமை வேறு என்பதையும் மறக்கலாகாது. நூறு வருஷத்து நோட்டு மலிவாகவும் ஐம்பது வருஷத்து நோட்டு அரிதாகவும் இருக்கக்கூடும். எத்தனை அச்சாயின, எத்தனை மிஞ்சின, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்ற மூன்றும் சேர்ந்தே விலையை நிர்ணயிக்கின்றன. 1946 ஜனவரியில் ஐந்நூறு, ஆயிரம், பதினாயிரம் ரூபாய் நோட்டுக்கள் செல்லாதவை ஆயின. ஜனங்கள் அவற்றைப் பாங்கியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டபடியால் மிஞ்சியவை சொற்பம். 1978 ஜனவரியில் ஆயிரம், ஐயாயிரம், பதினாயிரம் ரூபாய் நோட்டுக்களுக்கும் அதே கதி நேர்ந்தது. செல்லாமற் போனதே இவற்றை அருமையாக்கிவிட்டது.

அதற்காக, 2016 நவம்பர் 8-ந் தேதி செல்லாதவையான ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுக்களைக் கட்டுக் கட்டாக வைத்திருப்பவர்கள் மனக்கோட்டை கட்ட வேண்டாம். 2017-ம் வருஷத்துச் சட்டப்படி அவற்றில் பத்துக்கு மேல் ஒருவர் வைத்திருக்கக் கூடாது. ஆராய்ச்சிக்காகவோ சேகரிப்புக்காகவோ என்றால் இருபத்தைந்துக்கு மேல் கூடாது. மீறினால் பதினாயிரம் ரூபாய் அல்லது அந்த நோட்டுக்களின் தொகையைப்போல் ஐந்து மடங்கு, எது அதிகமோ அது அபராதம்.

லட்ச ரூபாய் வதந்தி

இந்த விஷயத்தை இவ்வளவு விரிவாக எழுத நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நம்மிடம் படிக்கும் மாணவன் ஒருவனுடைய தாயார், டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டு ஒன்றை வைத்திருந்தார். அதை மூன்று லட்ச ரூபாய்க்கு வாங்கிக்கொள்வதாகக் கைப்பேசியில் ஒரு விளம்பரம் வந்தது. அந்த அம்மாள் எழுதிக் கேட்டாள். முதலில் பதிவுக் கட்டணம் என்றார்கள்; பிறகு வரி என்றார்கள்; பிறகு பணத்தை அனுப்பும் செலவு என்றார்கள். மூன்று தடவையும் அனுப்பினாள். மகனைக் காலேஜில் சேர்ப்பதற்குச் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் அது. மூன்று லட்சம் வரவில்லை. விளம்பரம் செய்தவரும் அதற்குப் பிறகு பேசவில்லை. நோட்டு மட்டும் இன்னும் அவர்கள் வீட்டில் இருக்கிறது.

அந்த நோட்டு கோடிக்கணக்கில் அச்சானது. இன்றைக்கும் கடையில் ஐந்து ரூபாய்க்குச் செல்லும். விலைப் புத்தகத்தில் ஒரு நிமிஷம் பார்த்திருந்தால் விஷயம் விளங்கியிருக்கும். எண்ணில் 786 வந்தால் பல லட்சம் என்பதும் இதே ரகம். அந்த எண்ணை விரும்பிக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பவர்கள் இருக்கலாம்; அது அவரவர் பிரியம். நோட்டின் ஜாதியை அது மாற்றிவிடாது. ரிஸர்வ் பாங்கியின் பெயரைச் சொல்லிக் கட்டணமும் கமிஷனும் வரியும் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்றும், இத்தகைய வியாபாரத்தில் தனக்குச் சம்பந்தமே இல்லை என்றும் 2021 ஆகஸ்டில் அந்தப் பாங்கியே எச்சரித்திருக்கிறது. பொருளை வாங்குகிறவன் பணம் கொடுப்பானே தவிரக் கேட்கமாட்டான். சந்தையில் கத்தரிக்காய் விற்கும் கிழவிக்கும் தெரிந்த இந்த நியாயம், லட்சம் என்ற சொல்லைக் கேட்டதும் படித்தவர்களுக்கும் மறந்துபோகிறது.

பத்திரப்படுத்துவது எப்படி?

நல்ல நோட்டு என்று தெரிந்தால், அதைக் கெடுக்காமல் வைத்திருப்பதே முதற்கடமை. கிழிசலுக்குப் பசை நாடா ஒட்ட வேண்டாம். அதன் பசை சில வருஷத்தில் பழுப்பேறிக் காகிதத்தைத் தின்றுவிடும். பிளாஸ்டிக் உறையில் சூடுபடுத்தி மூடுவது நோட்டை உயிரோடு சமாதி வைப்பது போல. மலிவான மெத்து பிளாஸ்டிக் உறைகளும் ஆகா. பாலியெஸ்டர் உறைகளே நல்லவை. மடிக்காமல், வெயில் படாமல், ஈரமும் இராமபாணப் பூச்சியும் அணுகாத இடத்தில் வைக்க வேண்டும். எடுக்கும்போது உலர்ந்த கையால் ஓரத்தைப் பிடித்து எடுக்க வேண்டும்.

நேரில் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ள விரும்புவோர், பம்பாயில் ரிஸர்வ் பாங்கி 2004-ல் அமைத்த நாணயக் காட்சிசாலையையும், பெங்களூரில் 2020-ல் ரெஸ்வான் ரசாக் திறந்த காகித நாணயக் காட்சிசாலையையும் பற்றி விசாரித்து அறியலாம்.

நோட்டை விற்பதோ வைத்துக்கொள்வதோ அவரவர் சௌகரியம். ஆனால் அதற்கு முன் ஒரு காரியம் செய்யலாம். ஒரு சிறு சீட்டில், இது இன்னார் வெளியிட்டது, இன்ன வருஷத்தது, கையொப்பம் இன்னாருடையது, முன்னெழுத்து இன்னது, நம் வீட்டுக்கு இன்னார் மூலம் வந்தது என்று எழுதி உறையுடன் வையுங்கள். முதல் நான்கையும் எந்த விலைப் புத்தகத்திலும் பார்த்து எழுதிவிடலாம். ஐந்தாவதைச் சொல்லக்கூடியவர்கள் வீட்டுப் பெரியவர்கள் மட்டுமே. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.